முதலில் குடிப்பவர்

காலை ஏழு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு எவர்சில்வர் டம்ளர். கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையில், ரோட்டிலிருந்து இருபது படி கீழே இறங்கினால் வரும் ஓட்டு வீட்டின் பக்கவாட்டில் நின்றபடி ஒரு பெண்மணி அதிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததற்குக் கடுங்காப்பியின் நிறம். காப்பி வாசனை இல்லை, நனைந்த விறகின் வாசனை வந்தது. குடித்து முடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தேய்த்தார். சுவரில் ஆணியில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பேசாதீங்க. பதினஞ்சு நிமிசம் பொறுங்க" என்றார்.

பதினைந்து நிமிடமும் அவர் உட்காரவில்லை. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் மேகம் ஏறுவதைப் பார்த்தபடி நின்றார். ஏழு முப்பத்தைந்துக்குத் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினார்.

"இப்பச் சொல்லுங்க. போலீசா, பேப்பரா?"

"பேப்பர்."

"போலீசு நேத்து வெள்ளனே வந்துட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கும் இதத்தான் காட்டினேன். மோந்து பாத்துட்டு, இதுல என்னம்மா போதை இருக்கு, கட்டில் காலு மாதிரில்ல கெடக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அந்த வாரம் வட்டக்கானலில் போதைக் காளான் வைத்திருந்ததாகச் சில இளைஞர்கள் பிடிபட்டிருந்தார்கள். பேத்துப்பாறையில் ஒரு பெண் காளான் விற்கிறார், போய்ப் பார் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். நான் அப்போது ஒரு நாளிதழின் கொடைக்கானல் நிருபர். போய்ப் பார்த்ததில் செய்தி எதுவும் இல்லை. அவர் வளர்த்தது ரெய்ஷி. சீனத்திலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக மருந்தாகப் புழங்கும் காளான். விசிறி வடிவம், செங்காவி நிறம், மேலே வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்பு. கறி வைத்துத் தின்ன முடியாது, பல்லுக்கு மரக்கட்டை. சீவிக் காயவைத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். கசக்கும். போதை தராது.

செய்தி இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகள் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். அந்தக் காலத்தின் கடைசியில் அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். குறித்த நாளில் நடக்கவில்லை. அந்த டம்ளரின் மேல் விழுந்த சந்தேகம்தான் காரணம். ஆபரேஷன் பாதுகாப்பாக நடக்க வேண்டுமென்றால் அவர் டம்ளரைக் கீழே வைக்க வேண்டும் என்றாயிற்று. அது அவருக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்பதை விளக்க, அவர் குடித்த முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு குடில் போட்டிருந்தார். உள்ளே பலகை அடுக்குகளில் மரத்தூள் அடைத்த பைகள். பையில் காளான் விதை போட்டு, வாய் கட்டி, ஈரம் குறையாமல் வைத்தால் சில மாதங்களில் விரல் போல முளைத்து, பிறகு விசிறியாக விரியும். ஒரு நேரத்தில் பறிப்பதை ஓர் ஈடு என்பார். ஈடு காய்ந்ததும் அதிலிருந்து மூன்று சீவல் எடுத்து, ஒரு செம்புத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, வெறும் வயிற்றில் குடிப்பார். இப்படி ஏழு நாள். ஏழு நாளும் உடம்பு என்ன சொன்னது என்பது காலண்டர் தாளின் பின்னால் இருக்கும். நான் பார்த்தவற்றில் சில: "வாய் காஞ்சது." "ஒண்ணுமில்லை." "ரெண்டு தடவை வெளிக்கு." "கையில் அரிப்பு, மதியம் போச்சு." எட்டாவது நாள்தான் அந்த ஈடு வெளியே போகும்.

"நான் குடிக்காதது ஒரு சீவல்கூட இந்தப் படி ஏறாது" என்பார்.

அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது குடும்பம் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. முடியாது என்பதற்கு ஏலாது என்பார், டீக்குத் தேத்தண்ணி என்பார். மற்றபடி பேச்சு இந்த மலையின் பேச்சுதான். வந்த புதிதில் அவர்களுக்கு வாட்டில் மரக்காட்டில் கூலி வேலை. மழைக்கு மறுநாள் மரத்தடியில் வெள்ளைக் காளான் முளைத்திருந்தது. அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே பறித்துக் குழம்பு வைத்த அதே காளான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கடல் தாண்டினால் காளானும் வேறாகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வீட்டில் சமைத்தார்கள். ஐந்து பேரை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். சமைக்காத காளான் ஒன்று கொண்டுவந்தீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எதுவும் மிச்சமில்லை. நான்கு பேர் திரும்பி வந்தார்கள். வராதவர் இவருடைய சித்தி.

அதற்குப் பிறகு கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் வந்தது. காளான் சமைத்தால் வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் முதலில் சாப்பிடுவார். பச்சைக் காளான் ஒன்று சட்டியில் மூடியிருக்கும். மற்றவர்கள் மறுநாள் அதே நேரம்வரை பொறுப்பார்கள். இவர்கள் வீட்டில் முதலில் சாப்பிட்டவர் அம்மா. அம்மாவுக்குப் பிறகு இவர்.

சில காளான்களின் விஷம் ஒரு நாளுக்கு மேலும் சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான் ஈரலைப் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"தெரியும். அதுக்குத்தான் ஏழு நாளு" என்றார்.

வாங்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பெயரையோ ஊரையோ அல்ல. "மாத்திரை அட்டையக் காட்டுங்க" என்பார். அட்டை இல்லாமல் வந்தால் சீவல் கிடையாது. முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகப் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், ப்ரஷர் மாத்திரை எடுப்பவர், பிள்ளைத்தாய்ச்சி, பால் கொடுப்பவள், ஈரலில் கோளாறு உள்ளவர் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார். பொடியாக்கியும் விற்க மாட்டார். பொடியில் எதைக் கலந்தாலும் தெரியாது என்பது ஒரு காரணம். சீவலைக் கொதிக்கவைத்துக் குடிப்பவன் அளவோடு நிற்பான், பொடி வாங்கியவன் கரண்டி கரண்டியாக விழுங்குவான் என்பது இன்னொன்று.

அட்டுவம்பட்டியில் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு அம்மாள் காரில் வந்தார். நான் அங்கே இருந்தேன்.

"ஆன்ட்டி, இது ஆர்கானிக்தானே? அப்புறம் எதுக்கு இவ்ளோ கொஸ்டின்? நேச்சுரல் ஐட்டத்துக்கு ஏது சைடு எஃபெக்ட்?"

"எட்டிக்காயும் ஆர்கானிக்தாம்மா. அட்டையக் காட்டுங்க."

"எனக்கு ப்ரஷர் மட்டும்தான் ஆன்ட்டி."

"அப்ப உங்க டாக்டரு சரின்னு ஒரு சீட்டு எழுதித் தரட்டும். இதுவும் ப்ரஷர எறக்கும், அதுவும் எறக்கும். ரெண்டும் சேந்து எறக்கினா நீங்க பாத்ரூம்ல விழுந்து கெடப்பீங்க."

அந்த அம்மாள் சிரித்தார். சீட்டோடு திரும்பி வரவில்லை.

வட்டக்கானலிலிருந்து பையன்கள் வருவது ஒரு தனிக்கதை. யாரோ வழி சொல்லி அனுப்புவார்கள். படியில் நின்றே குரல் கொடுப்பார்கள்.

"அக்கா, மஷ்ரூம் இருக்கா?"

"இருக்கு தம்பி. சுகர் இருக்கா?"

"எனக்காக்கா? எனக்கு இருபத்திமூணு வயசு."

"கொலஸ்ட்ரால்?"

"அக்கா, நாங்க கேக்கறது வேற. இத எடுத்தா பறக்குமா?"

"வயிறுதான் பறக்கும். கக்கூசு மேல இருக்கு, பாத்து ஏறிப் போங்க."

அவருடைய வீட்டுக்காரர் பக்கத்தில் பீன்ஸ் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவர். இதைக் கேட்டால் மண்வெட்டியை ஊன்றி நின்று சிரிப்பார். "நானும் அதத்தான் சொல்றேன். வர்றவன அடிச்சு வெரட்டுறதுக்குன்னே ஒரு கடை வச்சிருக்கா. ஊர்ல எவளாவது இப்படிச் சோலி பாப்பாளா?"

அவர் விரட்டியதில் எல்லாமே வேடிக்கை இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்தார். மனைவிக்கு மார்பில் புற்று. மூன்று ஊசி முடிந்திருந்தது. தலைமுடி போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, ஆஸ்பத்திரியை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று வந்திருந்தார். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் ஒருவர் இந்தக் காளானைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு புற்றுநோயை வேரோடு பிடுங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் போனை வாங்கி வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். "இவரு டாக்டரா?"

"தெரியலம்மா. லட்சக்கணக்குல பாத்திருக்காங்க."

"ஆஸ்பத்திரிய நிப்பாட்டிட்டு இதக் குடுக்க ஏலாதுங்க. ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போது குடுக்கவும் அந்த டாக்டரக் கேக்கணும். நான் தரமாட்டேன்."

வந்தவர் முதலில் கெஞ்சினார். பிறகு கத்தினார். "உயிரு போற விசயம்மா இது! குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"உயிரு போற விசயம்னுதாங்க தரல."

அவர் படியேறிப் போனதும் இவர் உள்ளே போய் உலை வைத்தார். இரண்டு வாரம் கழித்து, அந்த ஆள் இதே காளானின் பொடியை வேறெங்கோ வாங்கிவிட்டதாக ஒரு ஜீப் டிரைவர் வந்து சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு மலருக்காக இரண்டு டாக்டர்களிடமும் ஒரு மருந்தியல் ஆசிரியரிடமும் ரெய்ஷி பற்றிக் கேட்டேன். மூவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். சோதனைக் குழாயில் அது நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, சில சாதகம், சில ஒன்றுமில்லை. புற்றைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வாய் உலர்வது, வயிறு இளகுவது, அரிப்பு இவற்றுக்கு மேல் எதுவும் செய்யாது. ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். மிக அரிதாக, அதிலும் பொடியாக மாதக்கணக்கில் எடுத்தவர்களிடம், ஈரல் கெட்டதுண்டு. கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ரத்தம் பற்றிய வரியில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்று முதல் பல் பிடுங்கப்போகிறீர்களா, ஆபரேஷன் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

நான் போய்வரத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு இரண்டாவது குடில் போட்டார். முன்பு வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. இப்போது பைகள் முன்னும் பின்னுமாக முளைத்ததால் வாரத்துக்கு ஓர் ஈடு பறிக்க முடிந்தது. ஒவ்வோர் ஈட்டுக்கும் ஏழு நாள். ஓர் ஈட்டின் ஏழாம் நாள் முடிந்த மறுநாள் அடுத்ததின் முதல் நாள். இதை நானும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து சுருண்டுவிட்டார். வாந்தி நிற்கவில்லை. மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். பையை எடுத்துவிட வேண்டும், ரொம்பத் தள்ளக் கூடாது, ஒரு கல் நழுவிக் குழாய்க்குள் இறங்கினால் காமாலை வரும், கணையமும் வீங்கும் என்றார் அறுவை டாக்டர். புதன்கிழமை என்று நாள் குறித்தார். அதற்குள் சீழ் வைத்திருக்கும் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு வரச் சொன்னார்.

பல்லைக் கொடைக்கானலில் எடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்ததால் நான் கூடப் போனேன். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"மாத்திரை ஏதாவது ரெகுலரா எடுக்கறீங்களாம்மா? பிளட் தின்னர், ஆஸ்பிரின்?"

"ஒண்ணுமில்லைங்க."

"நாட்டு மருந்து, கஷாயம்?"

"எதுவுமே இல்லைங்க. எனக்கு சீக்கே கிடையாது, இந்தக் கல்லத் தவிர."

காலை பதினோரு மணிக்குப் பல் வெளியே வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். பஞ்சை ஐந்து முறை மாற்றியாயிற்று, ரத்தம் நிற்கவில்லை. கையிலிருந்த துண்டு முழுவதும் சிவப்பாக இருந்தது. டாக்டர் தையல் போட்டார், அரை மணி நேரம் விரலால் அழுத்திப் பிடித்தார். பிறகு மறுபடியும் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதுவுமே சாப்பிடறதில்லையா?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். வாயில் பஞ்சு.

அப்போது நான், "காலையில குடிப்பீங்களே" என்றேன்.

அவர் பஞ்சை எடுத்தார். "அது மருந்தா குடிக்கல சார். சோதிக்கத்தான குடிக்கிறேன்."

டாக்டர் என்ன என்று கேட்டார். அவர் சொன்னார். ஈடு, மூன்று சீவல், ஏழு நாள், வாரம் தவறாமல். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். டாக்டர் கையில் பேனாவோடு காத்திருந்தார்.

"எத்தனை மாசமா, வாரம் விடாம?"

"ரெண்டாவது குடில் போட்டதுலேருந்து" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சித்திரைல போட்டோம், இல்ல சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதனால்தான் ரத்தம் நிற்கவில்லை என்று பல் டாக்டர் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னார். அதையே ஒரு கடிதமாக எழுதி அறுவை டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார். புதன்கிழமை ஆபரேஷன் ரத்தாயிற்று.

அறுவை டாக்டர் கோபக்காரர் இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். "பதினஞ்சு நாள் ஒரு சொட்டு கூடாதும்மா. அப்புறம் ரத்தம் உறையற நேரம் பாத்துட்டு வியாழக்கிழமை பண்ணிடலாம். அதுக்கு மேல தள்ளினா நான் பொறுப்பில்ல."

"பதினஞ்சு நாளா? ரெண்டு ஈடு பறிச்சு வச்சிருக்கேன் சார். நான் குடிச்சுப் பாக்காம வெளிய குடுக்கறதில்ல."

"நீங்க குடிச்சு உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா என்ன அர்த்தம்? உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு மட்டும்தான் அர்த்தம். வாங்கறவன் ஈரல் உங்க ஈரலா?"

அவர் எழுந்து ஸ்கேன் கவரைக் கையில் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அம்மாவும் இப்படித்தான் பாத்தாங்க" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ஆனா எனக்கு ஆயிருக்கே" என்றார்.

மழைக்காலம். காய்ந்த சீவல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பதினைந்து நாள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு ஈடும் அந்த வீட்டின் அரை மாத வரும்படி. அன்று மாலை அடுப்படியில் அதுதான் பேச்சு.

"நான் குடிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர். "முப்பது வருசமா நீ வச்ச கொழம்பக் குடிச்சே சாகல. இதக் குடிச்சா சாவப்போறேன்?"

"சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு அந்தப் பேச்சு பேசாதீங்க."

மருமகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "நான் வேணா குடிக்கட்டுமா அத்தே?" என்றாள்.

"பாலு குடுக்கறவ. வாய மூடு."

நான் குடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் சட்டைப் பையைக் காட்டினார். அதில் ப்ரஷர் மாத்திரை அட்டை தெரிந்தது.

"அப்ப சோதிக்காமலே குடுத்துற வேண்டியதுதான். எவனுக்குத் தெரியும்?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லிட்டுக் குடுக்கறேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் மறுமுனையும் கேட்டது.

"இந்த ஈடு நான் குடிச்சுப் பாக்கலைங்க. அனுப்பவா, வேணாமா?"

"அதனால என்னம்மா, அனுப்புங்க."

இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவதாகப் பேசிய வத்தலக்குண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், "ஓ, நீங்க குடிச்சுப் பாப்பீங்களா?" என்று கேட்டார். ஐந்து ஆண்டாக வாங்குகிறவர் அவர். நாலாவது அழைப்பிலிருந்து இவர் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டார். இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி.

"நீங்க இதக் குடிக்கறத உங்க டாக்டருகிட்டச் சொல்லிருக்கீங்களா?"

"எதுக்கும்மா?"

"போனா கேப்பாங்கல்ல, என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு?"

"கேப்பாங்க. ஆனா இது மருந்தா? சும்மா உடம்புக்கு நல்லதுன்னு குடிக்கறதுதான?"

பதினொரு பேரிடம் பேசினார். பதினொரு பேரும் அனுப்பச் சொன்னார்கள். டாக்டரிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மூன்று பேர் அது மருந்து இல்லையே என்று ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொன்னார்கள். கடைசியில் பேசியவர் பழனியில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது, அதற்குள் வெரசா அனுப்பிவிடுங்கள், உடம்பு தெம்பாக இருக்கும் என்றார்.

"ஆபரேஷனா? நான் போன தடவையே கேட்டேனே?"

"நீங்க கேட்டப்ப இல்லம்மா. இப்ப வந்துருச்சு."

இவர் அவரிடம் பத்து நிமிடம் பேசினார். என்னவெல்லாம் நடந்தது, எத்தனை முறை பஞ்சு மாற்றினார்கள், டாக்டர் எப்படி விரலால் அழுத்தினார், எல்லாம் சொன்னார். வீட்டில் மிச்சமிருக்கும் சீவலைக் கண் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். சரி சரி என்றார் கடைக்காரர். பிறகு, "அப்ப நீங்க அனுப்பறீங்கல்ல?" என்றார்.

இவர் போனை வைத்துவிட்டு மறுபடியும் முதல் எண்ணிலிருந்து தொடங்கினார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. "இந்த ஈடு இல்லைங்க. மிச்சம் வச்சிருந்தா டாக்டரக் கேட்டுட்டுக் குடிங்க" என்று பதினொரு முறை சொன்னார்.

"பைத்தியமாடி ஒனக்கு?" என்றார் வீட்டுக்காரர், கதவோரத்திலிருந்து.

"ஆமா."

சீவல் கூடைகளில் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் ஓரங்களில் பச்சையாகப் பூத்தது. பதினோராம் நாள் வீட்டுக்காரர் கூடைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சரிவில் குழி வெட்டிக் கொட்டினார். காலை ஏழேகாலுக்கு இவர் அடுப்படியில் என்ன செய்வதென்று தெரியாதவர் போல நின்றதை அந்த நாட்களில் இரண்டு முறை பார்த்தேன். இடையில் ஒருநாள் வலி வந்தது. ஊசி போட்டு அடக்கினார்கள்.

பதினைந்தாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறையும் நேரம் சரியாக இருந்தது. புதன்கிழமை மாலை மயக்க மருந்து டாக்டர் படுக்கைக்கு வந்து, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் தேத்தண்ணியில் தட்டிப்போடும் இஞ்சியிலிருந்து ஆரம்பித்தார். வெற்றிலை, வீட்டுக்காரர் கீழேயிருந்து வாங்கி வந்த தலைவலித் தைலம், ஆடி மாதத்தில் போட்ட ஒரு காய்ச்சல் மாத்திரை. டாக்டர் போதும் என்று சொல்லும்வரை சொன்னார்.

ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரின் தம்பியும் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவரும் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரைக்கு நர்ஸ் வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ரத்தம் தேவைப்படவில்லை என்றார். இரண்டு பேரும் ஒரு மணி பஸ்ஸில் மலையேறினார்கள்.